பாலித் தீவில் வாடகை மோட்டார்ச் சைக்கிள்

பாலித் தீவுக்குப் பயணம் புறப்படும் எம்மவர் பெரும்பாலும் மூன்று சங்கதிகளை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்வர். கோயில்கள் எங்கெங்கே உள்ளன, கடல் குளிக்க ஏற்ற இடம் யாது, மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா என்பனவே அவை. நான்காவது ஒன்றைப் பற்றி எவரும் விசாரிப்பதில்லை. விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து சிறிது தூரம் செல்வதற்குள் அது தானாகவே எதிரே வந்து நிற்கும். விடுதி வாயில்கள்தோறும், தேநீர்க்கடை முற்றங்கள்தோறும், வேலியோரந்தோறும் அணிவகுத்து நிறுத்தப்பட்டிருக்கும் சிறிய ஸ்கூட்டர்களையே கருதுகின்றோம். நாளொன்றுக்கு இவ்வளவு எனக் கூலி எழுதிய பலகையொன்று பக்கத்தில் தொங்கும். பணத்தைக் கொடுத்துத் திறப்பை வாங்கிக்கொண்டு போகவேண்டியதுதான் என்று தோன்றும்.

அத்தீவில் புகையிரதம் கிடையாது. பஸ் சேவை தென்பாகத்து நகர்ப்புறங்களில் ஓரளவுக்கு உண்டேயன்றி, மலைக் கிராமங்களுக்கும் தூரத்துக் கோயில்களுக்கும் அதனை நம்பிப் புறப்பட இயலாது. மோட்டார் வண்டியில் சென்றாலோ, ஒடுங்கிய வீதிகளில் மணிக்கணக்காகக் காத்திருக்க நேரும். ஆதலால் இளைஞருடைய கண்கள் அந்த ஸ்கூட்டர்களின்மீது செல்வதில் வியப்பில்லை. அங்கு வீதியின் இடப்பக்கமாகவே வாகனம் செலுத்துவர் என்பதனால், இலங்கையிலிருந்து செல்பவருக்கு ஐரோப்பியருக்குள்ள தடுமாற்றமும் இல்லை. அந்தச் சௌகரியமே ஒருவகையில் ஆபத்தானது. ஊரில் ஓடுவது போலத்தானே என்ற எண்ணம் முதல் நாளிலேயே வந்துவிடுகின்றது.

இவ்விடயத்தை நாம் இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எமது தமையனார் பத்தாண்டுகளுக்கு முன்னர் மோட்டார்ச் சைக்கிள் விபத்தொன்றில் காலமானார். வீட்டுக்கு அரை மைலுக்கு உட்பட்ட தூரத்தில், தினமும் போய்வந்த வீதியில், மாலை நேரத்தில் நிகழ்ந்தது அது. அவர் தலைக்கவசம் அணிந்தே இருந்தார். ஆனால் வார் பூட்டப்பட்டிருக்கவில்லை. அவர் விழுந்த இடத்தில் அவரும், அதற்கப்பால் மதகடியில் தலைக்கவசமும் கிடந்ததை நாம் கண்டோம். அவருடைய மகன், எமது பெறாமகன், இப்பொழுது இருபத்து நான்கு வயது வாலிபன். எம்முடன் பாலிக்குப் புறப்பட்டபோது, அங்கே ஸ்கூட்டர் எடுத்து ஓடப்போவதாகத் தாயிடம் மறைக்காமற் சொல்லிவிட்டான். அண்ணியார் அவனிடம் ஒன்றும் பேசவில்லை. வழியனுப்ப வந்தபோது எம்மைத் தனியே அழைத்து, "நான் மறித்தால் எனக்குத் தெரியாமல் ஓடுவான். நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கோ" என்று மட்டும் சொன்னார். போகவேண்டாம் என்று தடுத்திருந்தால் எமது பாடு இலகுவாயிருந்திருக்கும்.

முதலாவது கேள்வி அனுமதிப்பத்திரம் பற்றியது. எமது நாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் மோட்டார்ச் சைக்கிளுக்கு இரு வகுப்புகள் உண்டு. 'ஏ1' என்பது நூறு சீசீ வரையுள்ள சிறு வண்டிகளுக்கு உரியது. 'ஏ' என்பது அதற்கு மேற்பட்டவற்றுக்கு உரியது. பாலியில் வாடகைக்குக் கிடைக்கும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110 முதல் 160 சீசீ வரையிலானவை. ஆகவே ஏ1 மட்டும் உள்ளவர் அவற்றை ஓட்ட உரிமையற்றவர். மோட்டார்க் கார் ஓட்டும் உரிமை மட்டுமே உள்ளவரைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. அத்துடன் இலங்கை மோட்டார் வாகனச் சங்கத்திடமிருந்து சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரமும் பெற்றுச் செல்லவேண்டும். அதில் மோட்டார்ச் சைக்கிளுக்குரிய இடத்தில் முத்திரை விழுந்திருக்கின்றதா என்பதைக் கொழும்பிலேயே பார்த்துக்கொள்வது நன்று. இந்தோனேசியாவின் 2009ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றி வாகனம் செலுத்துபவருக்கு நான்கு மாதம் வரை சிறை, அல்லது பத்து இலட்சம் ரூப்பியா வரை அபராதம் விதிக்கலாம். வாடகைக்கு விடுபவர் இவற்றையெல்லாம் கேட்பதில்லை என்பது உண்மையே. அவர் கேளாமல் விடுவதனாற் சட்டம் மாறிவிடாது.

பிறநாட்டார் அங்கு வாடகை வண்டிகளில் நடந்துகொள்ளும் முறை அத்தீவினருக்குப் பெரிய மனக்குறையாகவே இருந்து வருகின்றது. தலைக்கவசமின்றி, சில வேளைகளில் மேற்சட்டையுமின்றி, கோயில் வாசலால் விரைந்து செல்வோரைக் கண்டு எவருக்குத்தான் மனம் கசக்காது? 2023 மார்ச்சில் பாலியின் ஆளுநர் வாயன் கோஸ்தர், உல்லாசப் பயணிகளுக்கு மோட்டார்ச் சைக்கிள் வாடகைக்கு விடுவதையே தடைசெய்ய எண்ணியிருப்பதாக அறிவித்தார். வாடகைத் தொழிலை நம்பியிருந்தோரிடமிருந்து எதிர்ப்பும் எழுந்தது. வாடகைக்கு விடுதல் நின்றுபோகவில்லை. எனினும் ஆளுநருடைய சினம் நியாயமற்றதென்று நாம் சொல்லமாட்டோம்.

அனுமதிப்பத்திரத்தோடு பின்னிப் பிணைந்து கிடப்பது காப்புறுதி. பயணக் காப்புறுதி எடுத்துவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருக்கின்றனர். அதன் சிறிய எழுத்துகளை வாசித்தால், உரிய வகுப்பு அனுமதிப்பத்திரம் இல்லாதிருந்தாலோ, தலைக்கவசம் அணியாதிருந்தாலோ, மது அருந்தியிருந்தாலோ ஒரு சதமும் கிடையாது என்றிருக்கும். சில பத்திரங்கள் 125 சீசீக்கு மேற்பட்ட வண்டிகளை முற்றாக விலக்கி வைத்துள்ளன. மோட்டார்ச் சைக்கிளை அடியோடு சேர்க்காதனவும் உண்டு. எமது பெறாமகன் புறப்படுமுன் காப்புறுதிக் கந்தோருக்குப் போய், அந்தப் பந்தியை விரலால் தொட்டுக் காட்டி, பதிலை எழுத்தில் வாங்கி வந்தான். அன்றுதான், இவனை நம்பலாம் போலிருக்கின்றதே என்ற எண்ணம் எமக்கு முதன்முதலில் உண்டாயிற்று.

நாம் தங்கியது உபுத் என்னும் ஊரில். மறுநாட் காலை வாடகைக்கு வண்டி பார்க்கச் சென்றோம். முதற்கடைக்காரர் நல்ல சிரித்த முகத்தினர். கடவுச்சீட்டை ஈடாகத் தாருங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றார். அந்நிய நாட்டில் கடவுச்சீட்டைக் கையிலிருந்து விடுவதைப் போன்ற பேதைமை வேறில்லை. வண்டியில் கீறல் ஒன்று கண்டோம் என்று சொல்லி எவ்வளவு கேட்டாலும், கடவுச்சீட்டை மீட்பதற்காகக் கொடுத்தே தீரவேண்டியிருக்கும். பெறாமகன் அதற்கு விடை சொல்லாமல் குனிந்து பின் ரயரைப் பார்த்தான். நடுப்பாகம் எமது உள்ளங்கையைப் போல வழவழப்பாயிருந்தது. வண்டியின் பதிவுப் பத்திரம் எங்கே என்று கேட்டோம். வீட்டில் இருக்கின்றது என்றார். நன்றி கூறி வெளியே வந்தோம்.

இரண்டாவது இடம் கடையன்று; ஒரு வீட்டு முற்றம். ஐந்தாறு வண்டிகளை வைத்துக்கொண்டு வயதான அம்மையார் ஒருவர் இருந்தார். அந்நாட்டில் மூத்த பெண்களை 'இபு' என்று அழைப்பர். அம்மா என்பதே அதன் பொருள். அந்த இபு, பெறாமகனிடம் எத்தனை வருடமாக ஓடுகின்றாய் என்று கேட்டார். கேட்டவர் அவர் ஒருவர்தான். கடவுச்சீட்டின் பிரதியொன்றும் சிறிது முற்பணமும் போதும் என்றார். இருக்கைக்குக் கீழே உள்ள பெட்டியைத் திறந்து, 'எஸ்.டி.என்.கே.' என்று அங்கு வழங்கும் பதிவுப் பத்திரத்தையும், மடித்து வைத்த மழைச் சட்டையையும் எடுத்துக் காட்டினார். வீதியிற் பொலிசார் மறித்தால் அனுமதிப்பத்திரத்துடன் அந்தப் பத்திரத்தையும் காட்டவேண்டும். பெறாமகன் வண்டியை நான்கு புறமும் கைத்தொலைபேசியிற் படம் எடுத்தான். இருந்த கீறல்களை ஒவ்வொன்றாக அம்மையாருக்குக் காட்டியே எடுத்தான். அதில் அவருக்குக் கோபமில்லை. தாம் மறந்துபோன ஒரு கீறலை அவரே சுட்டிக்காட்டினார். பின்னர் ரயர்களின் காற்று, முன்விளக்கு, பிறேக் விளக்கு, சமிக்ஞை விளக்குகள், ஹோர்ன், கண்ணாடிகள் எல்லாவற்றையும் பார்த்தான். அந்நாட்டில் மோட்டார்ச் சைக்கிளுக்குப் பகலிலும் முன்விளக்கு எரியவேண்டும் என்பது சட்டம்.

இங்கே ஒரு நுட்பத்தைச் சற்று விரித்துக் கூறுதல் அவசியம். ஊரில் கியர் உள்ள மோட்டார்ச் சைக்கிள் ஓடிப் பழகியவருக்கு இடக்கைப் பிடி கிளச். நிறுத்தும் வேளையில் அதை இறுக்கிப் பிடிப்பது அவர்களுக்கு மூச்சுவிடுவது போன்ற பழக்கம். பாலியிற் கிடைக்கும் ஸ்கூட்டர்களிற் கிளச்சும் இல்லை, கியரும் இல்லை. இடக்கைப் பிடி பின் சில்லின் பிறேக். திடுக்கிட்டவுடன் பழைய பழக்கத்தினால் இடக்கையை முழுப் பலத்துடன் இறுக்கினால், பின் சில்லு சுழற்சி நின்று வழுக்கும். இன்னும் ஒன்று: வலக்கையாற் பெற்றோலை முறுக்கும் பிடி வண்டி நிற்கும்போதும் உயிருடன் இருக்கின்றது. வண்டியை உருட்டும்போது அதைப் பற்றிக்கொண்டு சாய்ந்தால், பாய்ந்து சுவரில் மோதும். புதியவர் பலர் வீதிக்கு வருமுன்னரே, நிறுத்தும் இடத்திலேயே விழுகின்றனர்.

ஆகையால் முதல் அரைமணி நேரத்தை ஓர் வெறுமையான முற்றவெளியிற் கழிப்பித்தோம். பத்து அடி ஓடு, நிறுத்து. இருபது அடி ஓடு, நிறுத்து. நிறுத்தும்போது பாரம் முன் சில்லின்மேற் சாய்வதனால், நிறுத்தும் வலு பெரிதும் முன் பிறேக்கிலேயே உண்டு. எனினும் மணலிலும் ஈரத்திலும், வண்டி வளைந்து நிற்கும்போதும் அதைச் சடுதியாகப் பிடித்தால் விழுவது நிச்சயம். இரண்டையும் சேர்த்து, மெல்ல அழுத்தி, பின் வலுவைக் கூட்டுவதே முறை. மாணவர்களுக்காக ஒரு சிறு கணக்கும் சொல்கின்றோம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகம் என்பது செக்கனுக்கு 11 மீற்றர். நாயொன்று குறுக்கே வருவதைக் கண்டு கை பிறேக்கைப் பிடிக்க ஒன்றரைச் செக்கன் ஆகுமெனின், பிறேக் வேலை செய்யத் தொடங்குமுன்பே வண்டி பதினாறு மீற்றருக்கு மேல் ஓடிவிடும். பெறாமகன் இதைக் கேட்டு, முற்றவெளியைக் காலடியால் அளந்து பார்த்தான். பிறகு நாமும் பின்னிருக்கையில் ஏறி ஒரு சுற்று வந்தோம். எமது வயதுக்கும் உடற்கட்டுக்கும் அது அத்துணை அழகான காட்சியன்று என்று எமது துணைவியார் கருத்துத் தெரிவித்தார்.

தலைக்கவசத்துக்கு வருவோம். தலையை அந்நாட்டு மொழியிற் 'கெப்பாலா' என்பர். கபாலம் என்னும் வடசொல்லே கடல் கடந்து சென்று அவ்வாறு நிற்கின்றது. வாடகையோடு தரப்படும் தலைக்கவசங்களிற் பல, பேருக்கு மட்டும் தலைக்கவசம். உட்பஞ்சு தேய்ந்து, பூட்டுப் பிடியாமல், பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் ஒரே அளவாயிருக்கும். 'எஸ்.என்.ஐ.' என்னும் அந்நாட்டுத் தர முத்திரை உண்டா என்று பார்க்கவேண்டும். வாரைப் பூட்டிய பின்னர் பின்புறத்தால் மேல்நோக்கித் தள்ளிப் பார்த்தால் கழன்று வரக்கூடாது. தலையை இருபுறமும் அசைத்தால் அதுவும் தலையோடு சேர்ந்து அசையவேண்டும். இது பற்றிய பல ஆய்வுகளைத் திரட்டி 2008இல் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வு, தலைக்கவசம் மரண அபாயத்தை 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகக் கண்டது. பூட்டாத தலைக்கவசத்துக்கு இக்கணக்குப் பொருந்தாது. இபுவின் வீட்டில் இருந்தவை பெறாமகனுக்குச் சரியாயில்லை. பக்கத்து ஊர்க் கடையொன்றுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கினோம். அவன் அதை அணிந்து வாரைப் பூட்டினான். நாம் விரலை விட்டு இழுத்துப் பார்த்தோம். அவன் தடுக்கவில்லை, நிமிர்ந்து எமது முகத்தைப் பார்த்தான். இருவரும் ஒருவரைப் பற்றியே நினைத்தோம், பேசவில்லை. பின்னர் தங்கியிருந்த ஆறு நாளும் காலையில் அவன் தானாகவே எம்மிடம் வந்து தாடையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவான்.

பாலியின் வீதிகள் வேறெங்கும் காணாத சில இயல்புகளை உடையன. வீட்டு வாசலிலும், கடை முன்றலிலும், நாற்சந்தியிலுங்கூட, ஓலையாற் பின்னிய சிறு தட்டிற் பூவும் சோறும் ஊதுவத்தியும் வைத்து நாள்தோறும் படைப்பர். 'சானாங் சாரி' என்பது அதன் பெயர். அதன்மேல் ஏறாமல் விலகுவது மரியாதை. ஆனால் பின்னால் வருபவரைப் பாராது சடுதியாக விலகினால் மரியாதை செலுத்தியவருக்கே ஆபத்து. திருவிழா ஊர்வலம் வந்தால் வீதி முழுவதும் அடைபடும். கறுப்பும் வெள்ளையும் கட்டமிட்ட துணி உடுத்த 'பெச்சாலாங்' என்னும் ஊர்க் காவலர் கையைக் காட்டி நிறுத்துவர். அவ்வேளையில் எஞ்சினை நிறுத்திவிட்டு இருந்து பார்ப்பதே அழகு. ஹோர்ன் அடிப்பவர் மூடர். நாய்கள் வீதி நடுவே படுத்திருக்கும். 2008 முதல் அத்தீவில் விசர்நாய் நோய் இருந்து வருவதனால், கடிபட்டால் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரிற் கழுவி உடனே வைத்தியரிடம் போகவேண்டும்.

இவற்றினும் கொடியன மணலும் மழையுமே. கட்டட வேலைக்குக் கொண்டுசெல்லும் மணல் திருப்பங்களிற் சிந்திக் கிடக்கும். மாரிகாலம் ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை. மழை தொடங்கிய முதற் பத்து நிமிடம் மிகவும் வழுக்கும். தூசியும் எண்ணெயும் கரைந்து மேலே வருங் காலம் அது. ஒதுங்கி நின்று ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போகலாம். வயல்களின் நடுவே ஒரு வண்டி மட்டுமே செல்லக்கூடிய குறுக்குப் பாதைகள் உண்டு. எதிரே மற்றொன்று வந்தால் இருவரில் ஒருவர் சேற்றுக்குள் இறங்கவேண்டியதுதான். திருப்பங்களில் 'ஹாத்தி ஹாத்தி' என்று பலகை நாட்டியிருப்பர். கவனம் என்று பொருள். 'ஹாத்தி' என்னும் தனிச்சொல் உள்ளத்தைக் குறிக்கும் என்று இபு சொன்னார்.

கிந்தாமணி என்னும் மலைப் பகுதிக்குப் போகத்தான் வேண்டும் என்று பெறாமகன் விரும்பினான். எரிமலை வாயின் விளிம்பில் நின்று, கீழே பாத்தூர் ஏரியையும் 1,717 மீற்றர் உயரமான பாத்தூர் மலையையும் காணும் இடம் அது. விளிம்பிலிருந்து ஏரிக்கரைக்கு ஏறக்குறைய 400 மீற்றர் இறக்கம். பாதை வளைந்து வளைந்து செல்லும். எரிமலை மணல் ஏற்றிய லொறிகள் முக்கி முக்கி ஏறும். கியர் இல்லாத சிறு ஸ்கூட்டரில் எஞ்சினின் பிடிமானம் குறைவு. பாரம் முழுவதும் பிறேக்கின்மேல் விழும். தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறி வலுவிழந்துவிடும். இடையிடையே ஒதுக்கி நிறுத்தி ஆறவிடுவது ஒருவழி. நாம் அதையும் ஏற்கவில்லை. விளிம்பு வரை நீ வா, இறக்கத்துக்கு எங்களுடைய காரில் ஏறிக்கொள் என்றோம். அவன் முகம் வாடிற்று. சற்று நேரம் லொறிகள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "சரி சித்தப்பா" என்று திறப்பைப் பையிற் போட்டான்.

பிள்ளைகுட்டிகளோடு செல்பவர்களுக்கு எமது அபிப்பிராயத்தை ஒளிக்காமற் சொல்கின்றோம். ஒரு ஸ்கூட்டரில் தந்தை, தாய், நடுவில் ஒரு குழந்தை, முன்னால் ஒரு குழந்தை என்று உள்ளூரார் செல்வதைக் காணலாம். அவர்கள் அந்த வீதியிற் பிறந்து வளர்ந்தவர்கள். சட்டப்படி அவர்களுங்கூட அவ்வாறு செல்லலாகாது. சாரதியுடன் மோட்டார்க் கார் அங்கு நாட்கூலிக்குக் கிடைக்கும். நால்வராகச் சென்றால் அது பெரிய செலவுமன்று. இரவு ஓட்டத்தையும் நாம் விலக்கினோம். மற்றொன்று, புகைக்குழாய். அது வலப்பக்கத்தில் இருக்கும். அரைக் காற்சட்டையுடன் அந்தப் பக்கத்தால் இறங்கிக் கெண்டைக்காலைச் சுட்டுக்கொண்ட பயணிகளைத் தெருவெல்லாம் காணலாம். இடப்பக்கத்தால் ஏறி இறங்கவேண்டும். சுட்டுவிட்டால் பற்பசை, எண்ணெய் முதலியவற்றைப் பூசாமல், இருபது நிமிடம் ஓடும் தண்ணீரைக் காட்டவேண்டும்.

வீதியோரத்துப் பெட்டிக்கடைகளிற் போத்தலில் அடைத்து வைத்திருப்பது பெற்றோல். மதுவென்று மயங்கிய பிறநாட்டாரும் உளராம். அவசரத்துக்கு அது உதவும். மற்றப்படி அரசாங்கத்தின் பெர்த்தாமினா நிலையங்களில் நிரப்புவதே மலிவும் நம்பிக்கையும். 'நியெப்பி' என்னும் அவர்களுடைய புத்தாண்டு நாள் பெரும்பாலும் மார்ச்சில் வரும். அது சக வருடக் கணக்கைத் தழுவியது. அன்று இருபத்து நான்கு மணி நேரத்துக்குத் தீவில் எந்த வாகனமும் ஓடாது, விமான நிலையமும் மூடப்படும். வாடகை கொடுத்த நாளாயிற்றே என்று வெளிக்கிட எண்ணவேண்டாம்.

ஒவ்வொரு நாள் இரவும் அண்ணியார் தொலைபேசியில் அழைப்பார். வண்டியைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கமாட்டார். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பார். ஐந்தாம் நாள் பெறாமகன் தானாகவே, "அம்மா, இண்டைக்கு நாற்பது கிலோமீற்றர் ஓடினேன். வார் பூட்டித்தான் ஓடினேன்" என்றான். மறுமுனையில் சிறிது நேரம் ஓசையில்லை. பின்னர், "மழையோ அங்கே?" என்று கேட்டார்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது இபு ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து முற்பணத்தை எண்ணித் தந்தார். எஞ்சியிருந்த ஒரு நாளில் காரில் வடகரைக்குச் சென்றோம். சிங்கராஜா நகருக்குக் கிழக்கே குபுத்தம்பாஹான் என்னும் ஊரில் மெடுவே கராங் என்றொரு கோயில் உண்டு. அதன் கற்சுவரில், பாலிக்கு 1904இல் வந்து தீவைச் சைக்கிளிற் சுற்றிப் பார்த்த நியூவன்காம்ப் என்னும் ஒல்லாந்து ஓவியருடையதெனக் கருதப்படும் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. அவர் சைக்கிளில் அமர்ந்திருக்கின்றார். பின் சில்லுக்குப் பதிலாகச் சிற்பி மலர்ந்த தாமரையொன்றை வைத்திருக்கின்றான். எமது துணைவியார் தாமரையின் அழகிலே தோய்ந்து நின்றார். பெறாமகனோ கல்லின் அருகிற் குனிந்து, இதற்குப் பிறேக் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தான்.